போன பருவத்தின் கோல் நாயகர்கள் இந்தப் பருவத்தில் ஏன் சரிகிறார்கள்? (ஐஸ் ஹாக்கி: திறமை, அதிர்ஷ்டம், கணக்கு)

மஞ்சக்குப்பம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பனிக்கட்டியைச் சர்பத் கடையிலும் மீன் ஏலக்கூடத்திலும் மட்டுமே பார்த்து வளர்ந்த கடலூர்க்காரன் ஐஸ் ஹாக்கிக்கு இழை தொடங்குகிறானே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

என் மகள் குடும்பம் கனடாவின் எட்மண்டன் நகரில் இருக்கிறது. அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அவர்கள் கடிகாரத்தை முன்பின் மாற்றுவதைப் பொறுத்து, நமக்குக் காலை ஆறரைக்கோ ஏழரைக்கோ வந்துவிடுவதால், செய்தித்தாளை ஓரம் வைத்துவிட்டுக் காப்பியோடு அதைப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டுவிட்டது. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் பேரனும் நானும் மாற்றி மாற்றி ஆளுக்குப் பத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்போம். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கித் தொடரான என்.எச்.எல்.-இல் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் கொண்ட அந்தப் பருவம் முடியும்போது யாருடைய பத்துப் பேர் அதிகக் கோல் அடித்திருக்கிறார்களோ அவருக்கு வெற்றி. தோற்றவர் பரிசு வாங்கித் தர வேண்டும்.

மூன்று பருவங்களாக நான்தான் வாங்கித் தருகிறேன். வாழ்நாள் முழுவதும் தணிக்கைப் பிரிவில் எண்களோடு இருந்தவன் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. அடித்த கோல்களை, இலக்கை நோக்கி அடித்த ஷாட்களால் வகுத்து, நூற்றுக்கு எத்தனை என்று கண்டு, அந்தக் கோல் விழுக்காடு மிக உயர்ந்தவர்களாகப் பார்த்து எடுத்தேன். குறி தவறாதவரே திறமைசாலி என்பது என் எண்ணம். ஆனால் என் பட்டியலில் சேர்ந்த அடுத்த நொடியே அவர்களுடைய மட்டை மழுங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் கண்ணேறு என்கிறார். எனக்குக் கணக்கில் ஏதோ பிழை என்று தோன்றுகிறது. எங்கே பிழை?

லாஸ்பேட்டை எழுதியது:

ஐயா, வகுத்தலில் பிழையில்லை. வகுத்து வந்த விடையை நீங்கள் முழுவதும் ஆட்டக்காரரின் கணக்கில் வரவு வைத்துவிட்டீர்கள், அதுதான் பிழை. நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவள் என்பதால் சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொடரில் இலக்கை நோக்கிப் போகும் நூறு ஷாட்களில் ஏறத்தாழ பத்து கோலாகிறது. நல்ல முன்கள ஆட்டக்காரர் ஒருவர் ஒரு பருவத்தில் 200 ஷாட்கள் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உண்மையான திறமை சரியாகப் பத்து விழுக்காடு, அது ஆண்டு முழுவதும் இம்மியும் மாறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஈருறுப்புப் பரவலின்படி அவரிடம் எதிர்பார்க்கும் கோல்கள் 20. அந்த எண்ணிலிருந்து தற்செயலாக விலகும் வழக்கமான அளவோ, அதாவது திட்டவிலக்கமோ, நான்குக்குச் சற்று மேல். ஆகவே ஒரே ஆள், ஒரே கை, ஒரே மட்டை என்றிருந்தும் ஒரு பருவத்தில் 12 கோல்களும் இன்னொரு பருவத்தில் 28 கோல்களும் வந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 12 அடித்த ஆண்டில் செய்தித்தாள்கள் அவரை முடிந்துபோனவர் என்று எழுதும். 28 அடித்த ஆண்டில் அவருக்குச் சம்பளம் இரட்டிப்பாகும்.

இனி உங்கள் தேர்வுக்கு வருவோம். விழுக்காட்டை இறங்குவரிசையில் அடுக்கி மேலே இருப்பவர்களை எடுத்தால், திறமையோடு அந்த ஆண்டு அதிர்ஷ்டமும் கூடியவர்களைத்தான் நீங்கள் பொறுக்கி எடுக்கிறீர்கள். திறமை அவர்களோடு அடுத்த பருவத்துக்கு வருகிறது, அதிர்ஷ்டம் வருவதில்லை. 1886-இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டபோது, மிக உயரமானவர்களின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தாலும் பெற்றோர் அளவுக்கு இல்லை என்று கண்டார். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று நாங்கள் வகுப்பில் சொல்வது அதைத்தான். உங்கள் பத்துப் பேரும் அப்படித்தான் திரும்பியிருக்கிறார்கள்.

உங்கள் பேரன் எதைப் பார்த்து எடுக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். ஷாட்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறான் என்பது என் ஊகம். எத்தனை முறை அடிக்கிறார் என்பது ஆண்டுக்கு ஆண்டு அவ்வளவாக மாறாது. அதில் எத்தனை உள்ளே போகிறது என்பதுதான் ஆடும்.

தேவனாம்பட்டினம் எழுதியது:

கணக்கு எனக்கு வராது, ஆனால் செய்தி புரிகிறது. எங்கள் குப்பத்தில் ஒரே நாளில் கிடைத்த மீன்பாட்டை வைத்து எந்தப் படகோட்டியையும் யாரும் மெச்சுவதில்லை. ஆண்டு முழுவதும் எத்தனை நாள் கடலுக்குப் போனான், எத்தனை முறை வலை போட்டான் என்றுதான் பெரியவர்கள் பேசுவார்கள். வலை போடாதவனுக்கு எந்தக் கடலிலும் மீன் இல்லை.

வில்லியனூர் எழுதியது:

லாஸ்பேட்டை அம்மாவின் விளக்கம் அழகாக இருந்தாலும், ஆட்டக்காரரை நாணயமாக மாற்றிவிட்டுப் பிறகு நாணயம் ஆடுகிறது என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. நான் மண் தரையிலும் பிறகு செயற்கைப் புல்லிலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஹாக்கி ஆடியவள், வலப்பக்க முன்களம். பந்து மட்டையை விட்டுப் போகும்போதே அது கோலா இல்லையா என்று கைக்குத் தெரியும். பனியிலும் அப்படித்தான் இருக்கும். ஒரு பருவம் நன்றாக அடிக்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். மணிக்கட்டில் வலி இல்லாமல் இருந்திருக்கும், நல்ல துணை கிடைத்திருக்கும், பயிற்சியாளர் சரியான இடத்தில் நிறுத்தியிருப்பார்.

எடுத்துக்காட்டு தருகிறேன். சான் ஹோசே அணியின் ஜொனாதன் சீச்சூ 2005-06 பருவத்தில் 56 கோல்கள் அடித்து அந்தத் தொடரின் அதிகக் கோல் விருதையே வென்றார். அதற்கு முன் ஒரு பருவத்தில் அவர் அடித்த அதிகபட்சம் 28. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் ஜோ தார்ன்டன் பாஸ்டனிலிருந்து அந்த அணிக்கு மாற்றப்பட்டார். ஊசியில் நூல் கோப்பது போலப் பாஸ் கொடுக்கும் மனிதர் பக்கத்தில் வந்து நின்றால் கோல் இரட்டிப்பாகாதா? இதை அதிர்ஷ்டம் என்று எழுதிவிட்டால் தார்ன்டனின் உழைப்பை எங்கே எழுதுவீர்கள்?

லாஸ்பேட்டை எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அதன் பின்பாதியையும் சொல்ல வேண்டும். அடுத்த பருவம் முழுவதும் தார்ன்டன் அதே அணியில்தான் இருந்தார். சீச்சூவின் கோல்கள் 56-இலிருந்து 37 ஆயின. பிறகு 23, பிறகு 12. காயங்களும் அதில் பங்கு வகித்தன, மறுக்கவில்லை. ஆனால் துணை மட்டுமே காரணம் என்றால் முதல் சரிவு ஏன் நேர்ந்தது?

கைக்குத் தெரியும் என்கிறீர்கள், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பனித்தரையில் கைக்குத் தெரிந்ததற்கும் வலைக்குத் தெரிவதற்கும் நடுவே பல பேர் நிற்கிறார்கள். பக் என்பது 7.62 செ.மீ. குறுக்களவும் 2.54 செ.மீ. தடிமனும் உள்ள ரப்பர் வட்டு. கோலின் வாய் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். நடுவே எதிரணியின் கால்கள், சொந்த அணியின் மட்டைகள், முழங்காலில் மெத்தை கட்டிய கோல்கீப்பர். சறுக்குக் காலணியின் விளிம்பில் பட்டு இரண்டு விரற்கடை திசை மாறினால் தடுக்கப்பட வேண்டியது கோலாகிறது, கோலாக வேண்டியது கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் முப்பது ஷாட் அடித்து மூன்று கோல் பெறுகிற விளையாட்டு இது. கூடைப்பந்தில் ஒரே மாலையில் நாற்பது முறை பந்து கூடைக்குள் விழுவதால் தற்செயல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே அடித்துக்கொள்ளும் அளவுக்குக் கோல்களே இல்லை.

மஞ்சக்குப்பம் எழுதியது:

பேரனிடம் கேட்டேன். ஷாட்களின் எண்ணிக்கைதான் என்று ஒப்புக்கொண்டான். இரண்டாம் ஆண்டிலிருந்தே அப்படித்தானாம், தாத்தா கேட்டால்தானே சொல்வது என்கிறான்.

ஒரு ஐயம். எட்மண்டன் அணியின் கானர் மெக்டேவிட், இன்றைய ஆட்டக்காரர்களில் முதல்வர் என்று எல்லாரும் சொல்பவர், 2022-23 பருவத்தில் 64 கோல்கள் அடித்தார். மறுபருவம் 32, சரிபாதி. அவர் திறமை ஓர் ஆண்டில் பாதியாகிவிட்டதென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் கண்ணால் பார்த்தேனே, அதே ஓட்டம், அதே வேகம்.

லாஸ்பேட்டை எழுதியது:

நீங்கள் பார்த்தது சரிதான். அந்த 32 கோல் ஆண்டிலேயே அவர் நூறு அசிஸ்ட்களை, அதாவது பிறர் கோலடிக்க வழிசெய்த பாஸ்களை, எட்டினார், முந்தைய ஆண்டு 89. திறமை குறைந்திருந்தால் அது குறைந்திருக்க வேண்டுமே. கோல் குறைந்ததற்கு அவர் ஆடிய ஆட்டங்களும் அடித்த ஷாட்களும் குறைந்தது ஒரு காரணம். ஷாட்கள் உள்ளே போகும் விழுக்காடு இறங்கியது அதைவிடப் பெரிய காரணம்.

ஆனால் எல்லாவற்றையும் சராசரியில் போட்டு அரைத்துவிடலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே அணியின் லியான் டிரைசைட்டில் 2018-19-இல் 50, 2021-22-இல் 55, 2022-23-இல் 52 கோல்கள் அடித்தார். மொத்தம் 157 கோல்கள், சுமார் 750 ஷாட்களில். பத்து விழுக்காட்டுத் திறமைசாலிக்கு அத்தனை ஷாட்களில் 75 கோல்கள் வரலாம், திட்டவிலக்கம் எட்டு. 157 என்பது சுமார் பத்துத் திட்டவிலக்கங்களுக்கு அப்பால் இருக்கிறது. நான் அவருடைய நல்ல பருவங்களாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறேன் என்று யாராவது சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: இடையில் உள்ள இரண்டு பருவங்களிலும் அவர் விழுக்காடு 18-க்குக் கீழ் இறங்கவில்லை. இது தற்செயலாக இருக்க வழியே இல்லை. வில்லியனூர் அம்மா சொன்ன கை இவருக்கு இருக்கிறது. அதை ஒரு பருவத்தில் கண்டுகொள்ள முடியாது, பல பருவங்கள் வேண்டும் என்பதே என் வாதம்.

ஷாட்களின் எண்ணிக்கைக்கும் சான்று உண்டு. வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையை அலெக்ஸ் ஒவெச்கின் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் கடந்தார். கிரெட்ஸ்கியின் வாழ்நாள் விழுக்காடு 17-க்கு மேல், ஒவெச்கினுடையது 13-ஐ ஒட்டியது. கிரெட்ஸ்கி அடித்த ஷாட்கள் ஐயாயிரத்துச் சொச்சம், ஒவெச்கின் 6,500-க்கும் மேல். கிரெட்ஸ்கி காலத்துக் கோல்கீப்பர்களின் கவசங்கள் சிறியவை என்பதால் விழுக்காடுகளை நேருக்கு நேர் வைப்பது நியாயமில்லை. ஆனாலும் ஒவெச்கின் இருபது ஆண்டுகளாக அடித்துக்கொண்டே இருந்தார் என்பதைக் கவனியுங்கள். தேவனாம்பட்டினம் ஐயாவின் வலை இதுதான்.

முத்தியால்பேட்டை எழுதியது:

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்றவற்றில் எனக்குப் பிடித்தது பெத்தாங்க். சிறு மரக்குண்டுக்கு அருகில் இரும்புக் குண்டை எறிந்து நிறுத்தும் ஆட்டம், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிறு வயதில் என் குண்டு தரையில் கிடக்கும் சரளைக் கல்லில் பட்டு விலகினால் அதிர்ஷ்டம் கெட்டது என்பேன். எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த பெரியவரோ எறியுமுன் தரையைக் குனிந்து பார்ப்பார், நின்ற இடத்திலேயே சற்றுத் திரும்பி நிற்பார், எங்கே குண்டு விழ வேண்டும் என்று முடிவு செய்த பிறகே எறிவார். எனக்கு அதிர்ஷ்டமாக இருந்த கல் அவருக்குக் கணக்காக இருந்தது.

அதிர்ஷ்டம் என்ற வடசொல்லுக்கே காணப்படாதது என்றுதான் பொருள். உங்கள் ஏட்டில் ஷாட்டின் எண்ணிக்கை இருக்கிறது. அது எங்கிருந்து அடிக்கப்பட்டது, பாஸ் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, கோல்கீப்பரின் கண்ணை யார் மறைத்தார் என்பது இல்லை. ஏடு காணாததையெல்லாம் அதிர்ஷ்டம் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டு, மூட்டையின் எடையைத் திட்டவிலக்கம் என்று சொல்கிறீர்கள். அதற்குள் ஆட்டக்காரரின் திறமையும் கொஞ்சம் அடைபட்டிருக்காதா?

லாஸ்பேட்டை எழுதியது:

இந்த இழையில் எனக்கு வந்த மிகக் கடினமான கேள்வி இது. அடைபட்டிருக்கும். அதனால்தான் இப்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் தூரம், கோணம், ஷாட்டின் வகை, அது கோல்கீப்பர் மீது பட்டுத் திரும்பிய பக்கா என்பவற்றைப் பார்த்து, இது கோலாவதற்கான நிகழ்தகவு இவ்வளவு என்று மதிப்பிட்டுக் கூட்டுகிறார்கள். எதிர்பார்க்கும் கோல்கள் என்று அதற்குப் பெயர். கோல் வாயில் நின்று தட்டிவிடுபவரையும் அறுபதடி தொலைவிலிருந்து அடிக்கும் பின்களக்காரரையும் ஒரே தராசில் வைக்கும் அபத்தம் அதில் குறைகிறது. மூட்டையிலிருந்து சிலவற்றை வெளியே எடுத்து வைக்கிறோம், மூட்டை சிறுக்கிறது, காலியாவதில்லை.

ஆனால் ஒன்று. உங்கள் பெரியவருக்குக் கல் கணக்கானது எப்படித் தெரிந்தது? அவர் மறுநாளும் அடுத்த மாதமும் அதேபோல் எறிந்தார். ஒருவர் மீண்டும் மீண்டும் செய்து காட்டுவதை, காரணம் விளங்காவிட்டாலும், நான் திறமைக் கணக்கில்தான் எழுதுவேன். ஒருமுறை நடந்து மீண்டும் வராததை, நூறு காரணங்கள் சொன்னாலும், எழுதமாட்டேன்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பணத்தைக் கொட்டிய கதை ஒன்று உண்டு. டேவிட் கிளார்க்சன் நியூ ஜெர்சி அணிக்கு 2010-11-இல் 12 கோல்களும் 2011-12-இல் 30 கோல்களும் அடித்தார். 2013-இல் டொராண்டோ அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 3.675 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. முதல் பருவத்தில் அவர் அங்கே அடித்தவை ஐந்தே கோல்கள். பிறகு அவர் கொலம்பஸ் அணிக்கு மாற்றப்பட்டார். 2017-இல் லாஸ் வேகாஸில் புதிய அணி தோன்றி மற்ற அணிகளிடமிருந்து அணிக்கொருவரைத் தேர்ந்தெடுத்தபோது, கொலம்பஸ் தன் மற்ற ஆட்டக்காரர்களைக் காத்துக்கொள்வதற்காக, முந்தைய பருவத்தில் வெறும் ஆறு கோல்கள் அடித்திருந்த வில்லியம் கார்ல்சனை எடுத்துக்கொள்ளச் சொல்லி, கூடவே புது வீரர்களைத் தேர்வு செய்யும் உரிமைகள் இரண்டையும் கிளார்க்சனின் ஒப்பந்தத்தையும் சேர்த்து அனுப்பியது. கார்ல்சன் அந்தப் பருவத்தில் 184 ஷாட்களில் 43 கோல்கள் அடித்தார். விழுக்காடு 23.4.

மஞ்சக்குப்பம் ஐயா, அந்தக் கோடையில் நீங்கள் கார்ல்சனை எடுத்திருப்பீர்கள், சரிதானே? எடுப்பதற்கு முன் இப்படிச் செய்து பாருங்கள். அவருடைய 184 ஷாட்களோடு, சராசரி ஆட்டக்காரர் ஒருவரின் 300 ஷாட்களையும் அவற்றில் வந்த 30 கோல்களையும் கூட்டுங்கள். 484-இல் 73, அதாவது சுமார் 15 விழுக்காடு. மீண்டும் 184 ஷாட் அடித்தால் 28 கோல்கள் எதிர்பார்க்கலாம். மறுபருவத்தில் அவர் அடித்தவை 24. 300 என்பது எடுத்துக்காட்டுக்காக நான் வைத்த எண். அதைக் கூட்டினால் விடை சராசரியை ஒட்டும், குறைத்தால் போன பருவத்தை ஒட்டும். டிரைசைட்டில் போல ஆயிரக்கணக்கில் அடித்தவருக்கு அந்த 300 பெரிதாக உறைக்காது. அதுதான் இந்த முறையின் நேர்த்தி.

வில்லியனூர் எழுதியது:

கார்ல்சன் கதையில் எனக்குப் பிடித்தது நீங்கள் சொல்லாமல் விட்டது. கொலம்பஸில் அவருக்குப் பனியில் நிற்கக் குறைந்த நேரமே தந்தார்கள். வேகாஸில் அதிக நேரம் ஆடும் முதல் வரிசையில் நிறுத்தினார்கள். ஆறிலிருந்து இருபதுகளுக்கு வந்தது வாய்ப்பு கிடைத்ததால். அங்கிருந்து 43-க்குப் போனதை வேண்டுமானால் உங்கள் மூட்டையில் கட்டுங்கள், விட்டுக்கொடுக்கிறேன். வாய்ப்பு மறுக்கப்பட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் என் அணியிலும் இருந்தார்கள். அவர்களுக்கு விழுக்காடே கிடையாது, வகுப்பதற்கு ஷாட்கள் வேண்டுமே.

தேவனாம்பட்டினம் எழுதியது:

கோல்கீப்பர்களை ஒருவரும் பேசவில்லையே?

லாஸ்பேட்டை எழுதியது:

பேசத் தொடங்கினால் தலை சுற்றும் என்பதால்தான். 2014-15-இல் ஒட்டாவா அணியில் ஆண்ட்ரூ ஹாமண்ட் என்ற அறியப்படாத கோல்கீப்பர் இறங்கி, 24 ஆட்டங்களில் நூற்றுக்கு 94.1 ஷாட்களைத் தடுத்து, 20 வெற்றிகள் பெற்றுத் தந்தார். மகிழ்ச்சி தாங்காமல் ரசிகர்கள், 'ஹாம்பர்க்ளர்' என்ற அவருடைய பட்டப்பெயரை ஒட்டி, பனித்தரையில் ஹாம்பர்கரை வீசினார்கள். மறுபருவம் அவருடைய விழுக்காடு 91.4. ஏறத்தாழ 700 ஷாட்களைச் சந்திக்கும் சாதாரண கோல்கீப்பருக்கு, அதாவது 91 விழுக்காட்டுக்காரருக்கு, 94.1 வாய்ப்பது சுமார் ஐந்நூறில் ஒன்று. அப்படியானால் அது திறமைதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அன்று தொடரில் முப்பது அணிகள், அணிக்கு இருவராவது உண்டு. பத்துப் பருவங்களில் அறுநூறு பேர். அறுநூறு பேரில் ஒருவருக்கு அது வாய்ப்பதில் வியப்பில்லை, வாய்த்தவரைப் பற்றித்தான் நாமும் பேசுவோம்.

ஓர் அணியின் கோல் விழுக்காட்டையும் தடுப்பு விழுக்காட்டையும் கூட்டிப் பார்க்கும் எண் ஒன்றும் உண்டு. தொடர் முழுவதற்கும் அது சரியாக நூறுதான் வரும், ஏனென்றால் ஒருவர் அடித்த கோல் இன்னொருவர் தடுக்காத கோல். 103-இல் இருக்கும் அணி பெரும்பாலும் இறங்கும், 97-இல் இருப்பது ஏறும். அதற்குப் பி.டி.ஓ. என்று பெயர். எதன் சுருக்கம் என்று பல நாள் தேடினேன். எதன் சுருக்கமும் இல்லை, அதை முன்வைத்த பிரையன் கிங் இணைய உரையாடல்களில் வைத்திருந்த புனைபெயராம். அந்த உரையாடல்களும் மஞ்சக்குப்பம் ஐயாவின் மகள் ஊரான எட்மண்டன் அணியின் ரசிகர்களுடையவை.

மஞ்சக்குப்பம் எழுதியது:

நேற்று இரவு உட்கார்ந்து, கைக்கணினி எதுவும் இல்லாமல் பழைய கோடு போட்ட நோட்டில், ஒவ்வொருவருடைய கடந்த மூன்று பருவ ஷாட்களையும் கூட்டி, லாஸ்பேட்டை அம்மா சொன்ன 300 ஷாட்களையும் சேர்த்து, புதிய பட்டியல் போட்டேன். போன பருவ விழுக்காட்டை வைத்து நான் முதலில் போட்டிருந்த பட்டியலில் பத்தில் ஆறு பேர் காணாமல் போய்விட்டார்கள். உள்ளே வந்தவர்களில் இருவர் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் ஓயாமல் அடித்திருக்கிறார்கள். வில்லியனூர் அம்மா சொன்னதை வைத்து, இந்தப் பருவம் முதல் வரிசைக்கு உயர்த்தப்பட்ட இளைஞர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டேன்.

பட்டியலைக் காலையில் பேரனுக்கு அனுப்பினேன். சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது: "தாத்தா, இந்த முறை யாரிடம் கேட்டீங்க?"